சக்கரவர்த்திக்கே தெரியலை

ஒரு ஊர்ல ஒரு துடுப்புக்காரன் இருந்தான். காடன்னு பேரு. பொண்டாட்டி பேரு பூதி. கடலோரத்து ஊரு. கேக்குறியா? ம்.

அந்த நாட்டை ஆண்டவரு பெரிய சக்கரவர்த்தி. கடலுக்கு அந்தப் பக்கத்து ராஜாவெல்லாம் அவர் பேரைக் கேட்டாலே எழுந்து நிப்பாங்க. அவரு ஒரு தடவை நூறு கப்பலைச் சண்டைக்கு அனுப்பினாரு. காடனும் போனான். போயி ஆறு மாசம் ஆச்சு, ஒரு தகவலும் இல்லை.

அப்புறம் ஒரு நாள் காலையில, டம் டம் டம்! தண்டோராக்காரன் வந்தான். "ஜெயிச்சாச்சு! எல்லாரும் வாசல்ல மாவிலை கட்டுங்க!" பூதி ஓடி ஓடிக் கட்டினா. பக்கத்து வீட்டுக்காரியைப் புடிச்சுக்கிட்டு கிலுகிலுன்னு சிரிச்சா.

உச்சி வெயில்ல இன்னொருத்தன். டம்... டம்... "புயல்ல கப்பல் அத்தனையும் முழுகிப்போச்சு." பூதி பொத்துன்னு உக்காந்துட்டா. அழவும் வரலை.

பொழுது சாயறப்போ மூணாவது ஆளு. "முன்னாடி சொன்ன ரெண்டும் உறுதியில்லை! மறுசேதி வர்ற வரைக்கும் யாரும் சிரிக்கவும் கூடாது, அழவும் கூடாது!"

"அப்போ நான் என்னதான்யா பண்றது?"

"அதைப்பத்தி ஆணையில ஒண்ணும் இல்லைம்மா"ன்னுட்டு அவன் போயிட்டான்.

தூங்கிட்டியா? ம், சரி.

அப்புறம் விடிஞ்சதும் பூதி விறுவிறுன்னு அரண்மனைக்குப் போனா. காவல்காரன் சொன்னான், "அவரு இங்க இல்லை. நேத்துலேருந்து துறைமுகத்துலதான் இருக்காரு." அங்க போனா, சக்கரவர்த்தி கிரீடமில்லாம மணல்ல உக்காந்திருக்காரு. குடைக்காரங்க தூரத்துல நிக்கிறாங்க.

"சாமி, என் புருஷன் இருக்கானா, இல்லையா?"

"தெரியலையேம்மா."

"உங்களுக்கே தெரியாதா?"

"மூணு பேரு மூணு விதமா சொன்னாங்க. மூணையும் நம்பினேன். என் மகனும் அந்தக் கப்பல்கள்லதான் போயிருக்கான்."

பூதி கடலைப் பாத்தா.

அப்போ, சளக் சளக்! கிழிஞ்ச பாயோட ஒரு கப்பல். தாடிக்காரன் ஒருத்தன் குதிச்சு, "பூதி!"ன்னான். முகம் அவளுக்கு அடையாளம் தெரியலை. குரல் தெரிஞ்சுது. காடன்தான்!

சக்கரவர்த்தி தண்ணியில இறங்கி ஓடியாந்தாரு. "என் மகன் எங்கடா?"

"தெரியலைங்க சாமி. ஜெயிச்சுட்டுத்தான் திரும்பினோம். புயல்ல ஆளுக்கொரு பக்கமா பிரிஞ்சுட்டோம்."

பூதி காடன் கையைப் புடிச்சுக்கிட்டு வீட்டுக்குக் கிளம்பினா. பத்தடி போயித் திரும்பிப் பாத்தா. அவரு இடுப்பளவு தண்ணியில நிக்கிறாரு, தனியா. அவளுக்குக் கால் நகரலை. ரெண்டு பேரும் திரும்பிப் போயி, அவரைக் கரைக்குக் கூட்டியாந்து பக்கத்துலயே உக்காந்தாங்க.

"அவன் கடல்ல பயந்தானா?"ன்னு அவரு மெல்லக் கேட்டாரு.

"போறப்போ எங்க கப்பல்லதான் வந்தாருங்க, திரும்பறப்போதான் வேற கப்பல். மொதல்ல வாந்தி எடுத்தாரு. அப்புறம் எங்க நடுவுல உக்காந்து துடுப்புப் போட்டாரு. கையெல்லாம் கொப்புளம்."

"என் மகனா!"ன்னு அவரு வாயப் பொளந்தாரு.

மறுநாள் மத்தியானம் இன்னொரு கப்பல் வந்துச்சு. ம்... அதுலதான் இருந்தான் கண்ணு. இறங்கினதும், "அப்பா, பசிக்குது"ன்னானாம்.

மத்தக் கப்பலும் ஒண்ணொண்ணா வந்து சேந்துச்சு. அவ்வளவுதான் கதை. எல்லாரும் கரை சேந்தாச்சு, நீயும் கண்ணை மூடு.