மலைக்குத் தாங்கும் வரைபடம்

“மலைக்குத் தாங்கற மாதிரி ஒரு மேப் சொல்லுங்க டீச்சர்” என்று மகுடபதி கேட்டார்.

சலோமி டீச்சர் கணுக்காலில் ஒட்டியிருந்த அட்டைக்கு உப்பு வைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“வாங்கிட்டு வாங்க. பாக்கலாம்.”

மகுடபதி தாராபுரத்தில் நூல் கடை வைத்திருந்தவர். கடையை மகனிடம் விட்டுவிட்டு மனைவி துளசிமணியோடு கூகைமலை அடிவாரத்துக்கு வந்தவர். காட்டுவழி நடக்கக் கற்றுத்தரும் சலோமி டீச்சர் அவருடைய தங்கையைவிட இளையவர். அந்த மலையில் மேகம் சொல்லாமல் இறங்கும். செல்போன் அங்கே டார்ச் விளக்காக மட்டுமே உதவும்.

டீச்சரிடம் ஒரு முறை உண்டு. முன்னால் நடப்பவர் தன் வரைபடத்தைத் தானே தேர்ந்தெடுக்க வேண்டும். டீச்சர் வரிசையின் வாலில் வருவார், வாய் திறக்க மாட்டார். வரிசையில் யார் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும், “எங்க இருக்கோம்?” என்று கேட்கலாம். கேட்டால் முன்னால் நடப்பவர் வரைபடத்தில் விரல் வைத்துக் காட்ட வேண்டும்.

வழி தவறவிட்டவர் வாலுக்குப் போக வேண்டும். மறுபடி முன்னால் வர அடுத்த வருடம் ஆகும்.

மகுடபதி அதுவரை அடுத்தவர் முதுகைப் பார்த்தே நடந்தவர். அவருக்குப் பிறகு சேர்ந்தவர்கள்கூட முன்னால் போய்விட்டார்கள். மழை வலுப்பதற்குள் ஒரே ஒரு தடவை, கூகைமலைக் கணவாயைத் தாண்டி ஆட்களைத் தானே அழைத்துப் போக வேண்டும். வேறு எந்த ஆசையும் அவருக்கு மிச்சமில்லை.

துளசிமணி இதைக் கேட்டுச் சிரித்தாள். உப்பு டப்பா எந்தத் தட்டில் இருக்கிறது என்று இன்றைக்கும் கேட்கிற மனுசன் மலைக்கு வழி காட்டப் போகிறார் என்றாள்.

*

முதலில் வழுவழுப்பான தாளில் அச்சிட்ட வரைபடம் ஒன்றைக் கொண்டுவந்தார். காடு பச்சை, மேடு பழுப்பு, ஓடை நீலம். கண்காட்சியில் மாட்டலாம்.

டீச்சர் அதை வாங்கி வாளித் தண்ணீரில் முக்கினார். டீ குடித்தார். தம்ளரைக் கழுவி வைத்தார். பிறகு வாளியில் கையை விட்டார்.

மலை கூழாகி வந்தது.

அதை ரோஜாச் செடியின் தூரில் போட்டுவிட்டு உள்ளே போனார்.

*

அடுத்து லேமினேஷன் போட்டது.

“சட்டைப் பையில வையுங்க” என்றார் டீச்சர்.

மகுடபதி மடித்தார். அது தானாக விரிந்துகொண்டது. அழுத்தி மடித்தார். மடிப்பு வெளுத்து, விரிசல் விட்டது. வாளிக்குள் போனதும் விரிசல் வழியே தண்ணீர் புகுந்து, படத்தில் இருந்த ஓடை ஏரியாயிற்று.

மடிக்காமல் சுருட்டி வைத்துக்கொள்ளலாமே என்றார் மகுடபதி.

“சுருட்டினா முதுகுப்பைக்குள்ள போயிரும். பைக்குள்ள இருக்கற மேப் பைக்குத்தான் வழி காட்டும்.”

*

மூன்றாவதைக் கோயம்புத்தூர் போய்த் தேடி வாங்கினார். பார்க்கத் தாள் மாதிரி இருக்கும், தாள் இல்லை. ஒருவகை பிளாஸ்டிக். மலையின் ஏற்ற இறக்கத்தைச் சொல்லும் உயரக் கோடுகள் இழை இழையாக, பிசிறில்லாமல் ஓடின.

வாளி அதை ஒன்றும் செய்யவில்லை. டீச்சர் கசக்கினார். தரையில் போட்டு பூட்ஸ் காலால் மிதித்தார். ஒரு முனையைக் கூட வந்திருந்த துளசிமணி கையில் கொடுத்து இழுக்கச் சொன்னார். இரண்டு பெண்களும் கயிறு இழுக்கும் போட்டி மாதிரி இழுத்தார்கள். கிழியவில்லை. பென்சிலால் கீறிப் பார்த்தார். எழுதியது.

“இது தாங்கும்” என்றார் டீச்சர்.

மகுடபதி வரைபடத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

“அப்ப ஞாயித்துக்கிழமை நான் முன்னால போலாமுங்களா?”

“போங்க.”

*

வீட்டுக்கு வந்து வரைபடத்தைத் துடைத்துக் காயவைத்தார். அதற்கென்றே வந்த உறையில் போட்டார். உறையைப் பாலித்தீன் பையில் போட்டார். பைக்கு ரப்பர் பேண்டு சுற்றினார். எல்லாவற்றையும் ஒரு துண்டில் பொதிந்து முதுகுப்பையின் அடியில் வைத்தார்.

துளசிமணி பார்த்துக்கொண்டே இருந்தாள். டிவி ரிமோட்டுக்குப் போட்ட உறையில் நம்பர் தெரியாமல் குருட்டாம்போக்கில் அமுக்குவதும், மகள் கல்யாணத்துக்கு வாங்கிய சோபா இன்னும் கடை பாலித்தீனோடு கிடந்து, வருகிறவர்கள் உட்கார்ந்தால் கீச்சுக் கீச்சென்று கத்துவதும் அவளுக்குத்தான் தெரியும்.

“இதுக்குமா?”

“நல்ல பொருள் துளசி. கெட்டுப் போயிரும்.”

மலையில் அதை வெளியே எடுக்க வேண்டாமென்று முழுக்க மனப்பாடம் செய்துவைத்திருந்தார்.

*

ஞாயிற்றுக்கிழமை மகுடபதி முன்னால் நடந்தார். அவருக்கு முன்னால் முதுகே இல்லை. வெறும் மலை.

காலையில் வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார், எங்கே இருக்கிறோம் என்று. மகுடபதி திரும்பாமலே சொன்னார். ஆனைப்பாறை தாண்டி, ஓடை வளைகிற இடம். சரியாக இருந்தது.

“விரல்?” என்றார் கேட்டவர்.

தூறுகிறதே, எதற்கு நனைக்க வேண்டும் என்றார் மகுடபதி.



உச்சிப்பொழுதுக்குப் பிறகு மேகம் இறங்கியது. கூடவே மழை. புல்லுக்குள் தடம் மறைந்துபோயிற்று. மகுடபதி மனப்பாடத்தை ஒப்பித்துக்கொண்டே நடந்தார். நிலம் கீழே சரியத் தொடங்கியதும் அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. இறங்குகிறோம் என்றால் கணவாய் வந்துவிட்டது.

சரிவு செங்குத்தாயிற்று.

அவர் காலில் பட்டு ஒரு கல் உருண்டது. உருண்டு போன சத்தம் கேட்டது. விழுந்த சத்தம் கேட்கவில்லை.

எல்லோரும் நின்றார்கள்.

“ஏனுங்க” என்றாள் வரிசையில் நின்ற துளசிமணி. கிண்டலாக இல்லை. “எங்க இருக்கோம்?”

மகுடபதி வாயைத் திறந்தார். மனப்பாடத்தில் ஓடை இருந்தது, கணவாய் இருந்தது, அதற்கப்பால் அணைக்கட்டும் இருந்தது. அவர் நிற்கும் இடம் மட்டும் அதில் இல்லை.

டீச்சரைப் பார்த்தார்.

டீச்சர் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகுடபதி முதுகுப்பையை இறக்கிக் கவிழ்த்தார். துண்டு சேற்றில் விழுந்தது. விறைத்த விரலுக்கு ரப்பர் பேண்டு வசப்படவில்லை. பல்லால் கடித்து அறுத்தார். பாலித்தீனைக் கிழித்தார். உறையைப் பிய்த்தார். வரைபடத்தைப் பாறைமேல் விரித்ததும், மழை படாமல் அதன்மேல் குனிந்துகொண்டார்.

அவருடைய நிழலில் ஒன்றும் தெரியவில்லை.

“நகுருங்க. மறைக்குது” என்றாள் துளசிமணி.

நகர்ந்தார்.

மழை வரைபடத்தின் மேல் நேராக விழுந்தது. துளிகள் உருண்டு ஓடின. கோடு ஒன்றுகூடக் கலங்கவில்லை. மகுடபதி பார்த்துக்கொண்டே நின்றார்.

பிறகு படிக்கத் தொடங்கினார். கண்டில் சுற்றிய நூல்போல உயரக் கோடுகள் ஒன்றையொன்று நெருக்குகிற இடம் உச்சிக்குப் பக்கத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கிழக்குச் சரிவு. கணவாய் மேற்கே, கோடுகள் விட்டு விட்டு ஓடும் பக்கம்.

சேற்று விரலை ஊன்றினார்.

“இங்க இருக்கோம். கணவாய் இதோ, இந்தப் பக்கம். நான் தப்பாக் கூட்டிட்டு வந்துட்டேன்.”

விரலை மேற்கே நகர்த்தினார்.

“மேல ஏறோணும். ஏறி, வலது கை பக்கமே போகோணும். ஓடைச் சத்தம் இடது காதுல கேட்டா சரியான வழி.”

முழங்கால் போச்சு என்று யாரோ முனகினார்கள். ஆனாலும் ஏறினார்கள்.

வரைபடம் இப்போது அவர் கையில் இருந்தது. திரும்பும் இடத்திலெல்லாம் நின்று, யாரும் கேட்காமலே விரல் வைத்துக் காட்டினார். சேற்றில் ஒருமுறை வழுக்கி அதன்மேலேயே உட்கார்ந்து எழுந்தார். வந்த தப்பு வழியைப் பென்சிலால் கோடிட்டார், போகிற வழியையும் கோடிட்டார். அவசரத்தில் தப்பும் தவறுமாக மடித்தார்.

இடது காதில் ஓடை கேட்டது.

மகுடபதி நடையைக் கூட்டினார். பின்னால் வந்தவர்களும் கேட்டுவிட்டார்கள். யாரும் சொல்லாமலே வரிசை வேகம் எடுத்தது. கடைசி ஏற்றத்தில் எல்லோருக்கும் மூச்சு வாங்கியது, ஆனால் யாரும் நிற்கவில்லை.

கணவாயில் காற்று அவர்களைப் பிடித்து உலுக்கியது. மேகம் கிழிந்தது. மழைக்குள்ளிருந்து அவர்கள் வெயிலுக்குள் நடந்து வந்தார்கள். கீழே, மலைக்கு அந்தப் பக்கம் முழுதும், அணைக்கட்டோடு, வயலோடு, வெயிலில் பளபளத்துக் கிடந்தது.

துளசிமணி இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தாள். பிறகு புருசனைப் பார்த்தாள்.

“பரவால்லீங்க” என்றாள்.

முப்பது வருடத்தில் அவள் அவருக்குக் கொடுத்த ஆகப் பெரிய பட்டம் அது.

*

பசி வந்தது. துளசிமணி புளிச்சோற்றைப் பிரித்தாள். பொட்டலத்து இலை ஏற்றத்தில் நசுங்கி நார் நாராயிருந்தது. சோற்றை எதில் போடுவது என்று சுற்றிப் பார்த்தாள்.

மகுடபதி வரைபடத்தை மழைத்தண்ணீர் தேங்கிய குழியில் அலசி, உதறி, பாறைமேல் விரித்தார்.

“இதுல போடு.”

அவள் ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தாள். போட்டாள்.

நல்லெண்ணெய் கூகைமலை முழுக்கப் பரவியது. எல்லோரும் சுற்றி உட்கார்ந்தார்கள். ஆளுக்கொரு பக்கமாக மலையை வழித்துச் சாப்பிட்டார்கள். சிகரத்தின் மேலிருந்த வேர்க்கடலையை டீச்சர் எடுத்துக்கொண்டார்.

சாப்பிட்டு முடித்து, திரும்பி நடக்க எழுந்தார்கள். மகுடபதி வரைபடத்தைக் கழுவி, நான்காக மடித்து, சட்டைப் பையில் செருகிக்கொண்டு, வரிசையின் வாலுக்குப் போய் நின்றார்.

அங்கே டீச்சர் நின்றுகொண்டிருந்தார்.

“இங்க என்ன பண்றீங்க?”

“வழி தவறிட்டேனுங்க டீச்சர். முறைப்படி பின்னால வந்துட்டேன்.”

டீச்சர் விரலில் ஒட்டியிருந்த புளிக்காய்ச்சலை நக்கிக்கொண்டே, மோவாயால் வரிசையின் முன்பக்கத்தைக் காட்டினார்.

“யாரு மேப்ல சாப்பிட்டோம்?”