முந்தித் தின்ன சேவல்

ரொம்ப ரொம்ப காலத்துக்கு முன்னால, கூடையெல்லாம் பேசிக்கிட்டிருந்த காலத்துல, பூவரசங்குடியில அங்காயின்னு ஒருத்தி இருந்தா. கோபக்காரி. அவ கத்துனா அடுத்த வீட்டுப் பால் திரிஞ்சிரும். அப்படித்தான் நாத்தனா கல்யாணத்துல அண்டாப் பாயசமும்... அது கெடக்கட்டும், கோழிக்கு வருவோம்.

அடை வச்சதுல மூணு குஞ்சு சேவலாப் போச்சு. வீட்டுல ஏற்கெனவே ஒரு சேவல். நாலும் சேந்து பெட்டைங்க முதுகுல ஒரு இறகு விட்டு வைக்கல. முட்டையும் நின்னு போச்சு.

"மூணையும் குழம்பு வைக்கணும், இல்ல தனிக்கூண்டு கட்டணும். ஏதாவது செய்யுய்யா!"ன்னா.

புருசன் சடையன் மகா சோம்பேறி. மூணையும் கூடையில அமுக்கினான். "மலைக்காட்டுல விட்டுர்றேன். சாமிக்கு நேந்துக்கிட்டேன்."

"எந்தச் சாமிக்கு?"

"எல்லாச் சாமிக்கும்தான்!"

அந்த ஊர் வழக்கமே அதுதான். வேண்டாத சேவலெல்லாம் சாமி சேவல்!

போனவன் வரல. கூடை மட்டும் உருண்டு வந்து, "உம் புருசன அந்த மலைக்காட்டு மந்திரவாதி சேவலாக்கிட்டான்"னுச்சு.

அங்காயி மடியில கம்பு அள்ளிக் கட்டினா. மொட்டை முதுகுப் பெட்டை ஒண்ண இடுக்கிக்கிட்டா. விறுவிறுன்னு மலை ஏறினா.

மந்திரவாதி கண்ணு மிளகாப்பழமாச் செவந்திருந்துச்சு. "ஊரே சாமி பேரச் சொல்லி எந்தலையில கொட்டுறீங்களே! முன்னூறு சேவல்! நான் தூங்கி ஏழு வருசமாச்சுடி!"

"இந்தப் பெட்டை முதுகப் பாரு! எனக்கும்தான் வயிறு எரியுது. எம் புருசனக் குடு!"

"கண்டுபிடி. மூணு தரம்தான். தப்புனா நீயும் பெட்டை."

"ஏய், சடையா!"ன்னா. முன்னூறும் கூவுச்சு. ஒரு தரம் போச்சு.

திட்டித் தீத்தா. முன்னூறும் தலையத் தொங்கப் போட்டுச்சு. ரெண்டு தரம் போச்சு.

அங்காயிக்கு ஆத்திரத்துல பசியே வந்துருச்சு. பசி வந்ததும் வீட்டுக் குழம்புச்சட்டி ஞாபகம் வந்துச்சு. பெட்டைய இறக்கி விட்டு, மடியில இருந்த கம்ப அள்ளி எறைச்சா.

சேவலுக்கு ஒரு குணம் உண்டு, பாத்திருப்பீங்க. இரையக் கண்டா உடனே தின்னாது. 'கொக்கொக், கொக்கொக்'குன்னு பெட்டையக் கூப்பிடும். அத்தனையும் கூப்பிட்டுச்சு. ஒண்ணு மட்டும் தலையே நிமிராம லபக்கு லபக்குன்னு முழுங்குச்சு.

அதோட கொண்டையப் புடிச்சா அங்காயி. "இதுதான்! கல்யாணமானதுலேர்ந்து எனக்கு ஒரு வாய்ச் சோறு மிச்சம் வைக்காத ஆளு இதுதான்!"

பொசுக்குன்னு புகை. கொண்டையிருந்த எடத்துல குடுமி. மந்திரவாதி ஏழு வருசத்துக்கப்புறம் சிரிச்சான்.

"பல்லக் காட்டாத!"ன்னு அவன அதட்டிட்டு, "நீ நம்ம மூணு சேவலத் தூக்குய்யா!"ன்னு புருசன முன்னால விட்டு எறங்கினா அங்காயி. வீடு வீடா நின்னு கத்தினா. ஊரே ஓடிப்போய் அவுங்கவுங்க சேவலத் தூக்கிட்டு வந்துச்சு.

ரெண்டு சேவலுக்குச் சடையன் கூண்டு கட்டினான். ஒண்ணு குழம்பாச்சு. வழக்கம்போல முதல்ல சட்டிக்குள்ள கைய விட்டான் பாருங்க, தொண்டையிலேர்ந்து தானா வந்துச்சு:

"கொக்கொக்... அங்காயி, நீ வா, முதல்ல நீ சாப்பிடு."

காடு தூங்குச்சு, பெட்டைக்கு இறகு மொளச்சுது, அங்காயிக்கு நெஞ்செலும்புக் கறி கெடைச்சுது.