மிஞ்சிய வேப்பங்கொட்டை

ஒரு காட்டோரத்தில், காரைப்புதருக்குள் செங்காலி என்ற கவுதாரி வாழ்ந்து வந்தது. அதற்கு எட்டுக் குஞ்சுகள்.

மூத்தவன் துடியன் ஒரே மூச்சில் நூறு வரை சொல்வான். பக்கத்து மரத்து மைனா, "அடேயப்பா! என்ன அறிவு!" என்று வியக்கும். செங்காலிக்குப் பெருமை தாங்காது.

அடுத்தவள் பொட்டுவுக்கோ ஐந்துக்கு மேல் வராது. "ஐந்து... ஏழு... பத்து..." என்று தடுமாறுவாள். ஆனால் தினமும் காலையில் புதர் வாசலில் நிற்பாள். வெளியே போகும் ஒவ்வொரு குஞ்சுக்கும் ஒரு வேப்பங்கொட்டையை எடுத்து வைப்பாள், தனக்கும் ஒன்று வைத்துக்கொள்வாள். மாலையில் ஒருவர் உள்ளே வந்தால் ஒரு கொட்டையைத் தள்ளிவிடுவாள்.

"கொட்டையோடு என்னடி விளையாட்டு? அண்ணனோடு உட்கார்ந்து எண்ணைப் படி!" என்று செங்காலி அதட்டும்.

ஒருநாள் மாலை வானம் கறுத்து, காற்று சுழன்றடித்தது. குஞ்சுகள் முண்டியடித்துக்கொண்டு புதருக்குள் ஓடி வந்தன.

"துடியா, எல்லாரும் வந்தாச்சா? எண்ணு!"

துடியன் கண்ணை மூடிக்கொண்டு கடகடவென்று சொன்னான். "ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, ஏழு, எட்டு! சரியா இருக்கும்மா!"

செங்காலி நிம்மதியாகச் சிறகை விரித்தது. பொட்டு மட்டும் வாசலை விட்டு நகரவில்லை.

"அம்மா, என்னோடதையும் தள்ளிட்டேன். இன்னும் ஒரு கொட்டை மிச்சம் இருக்கு."

"அண்ணன்தான் எண்ணிட்டானே! உள்ளே வா!"

"கொட்டை இருக்கேம்மா! யாரோ வரலை!"

அந்தக் குரல் செங்காலியை உலுக்கியது. குஞ்சுகளை ஒவ்வொன்றாக மூக்கால் தொட்டுப் பார்த்தது. கடைக்குட்டி மணியைக் காணவில்லை!

செங்காலி வெளியே பாய்ந்தது. தூரத்தில் முள்ளில் சிறகு மாட்டி மணி கீச்சிட்டுக்கொண்டிருந்தான். அவனை நோக்கி ஒரு காட்டுப்பூனை பதுங்கிப் பதுங்கி வந்தது.

செங்காலி யோசிக்கவில்லை. பூனையின் முன்னால் போய் விழுந்தது. ஒடிந்ததுபோல் ஒரு சிறகை இழுத்துக்கொண்டு ஓடியது. பூனை துரத்தியது. வெகுதூரம் போனதும் செங்காலி விருட்டென்று பறந்தது. திரும்பி வந்து, முள்ளை விலக்கி மணியை மீட்டது.

புதருக்குள் துடியன் தலைகுனிந்து நின்றான்.

"எட்டு எப்படிடா வந்தது?" என்றது செங்காலி.

"நாங்க எட்டுப் பேர்னு தெரியும்மா. அதான் எட்டு வந்ததும் நிறுத்திட்டேன்..."

செங்காலி அவனைத் திட்டவில்லை. அவன் வாயிலிருந்து நூறு வந்தபோதெல்லாம், அவன் எதை எண்ணுகிறான் என்று தானும் ஒருநாள்கூடக் கேட்டதில்லையே என்று நினைத்துக்கொண்டது. பிறகு பொட்டுவை இழுத்துச் சிறகுக்குள் அணைத்தது. "உன்னை அதட்டினது என் தப்பு, கண்ணு."

மறுநாள் காலை அண்ணனும் தங்கையும் வாசலில் நின்றார்கள். அவள் ஒரு கொட்டையை வைத்தால் அவன் ஒரு எண்ணைச் சொன்னான். அவசரப்பட்டு அடுத்த எண்ணுக்குத் தாவினால், "இருண்ணா! இன்னும் யாரும் வெளியே வரலை!" என்று தடுத்தாள். எட்டுக் கொட்டைகள் சேர்ந்தபோது அவளுக்கும் எட்டு வரை தடுமாறாமல் வந்துவிட்டது.

எண்களை வரிசையாக ஒப்பிப்பது எண்ணுவது ஆகாது. ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு பொருளைத் தொட்டுப் பார்ப்பவரே எண்ணத் தெரிந்தவர்.