ஆள்காட்டியின் ஓலை

இருளப்பனுக்கு வயது ஐம்பத்தெட்டு. அவருடைய குரு பூரணியம்மை இன்னும் நாற்பதைத் தாண்டவில்லை. இவர் "தாயி" என்பார், அவர் "அண்ணே" என்பார். மடத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் இதில் யார் குரு, யார் சீடர் என்று தெரியாமல் கொஞ்ச நேரம் முழிப்பார்கள்.

அம்மை பறவைகளுக்கு ஒரு நிகண்டு எழுதிக்கொண்டிருந்தார். பறவைக்கு ஓர் ஓலை. பெயர், நிறம், கூடு, அது எழுப்பும் ஒலி, அந்த ஒலிக்குப் பழையவர்கள் வைத்த சொல். ஊருக்குள் எல்லாப் பறவையும் இப்போது ஒரே சொல்லில் "கத்துது". அம்மையின் ஓலையில் மட்டும் மயில் அகவியது, கிளி மிழற்றியது, கூகை குழறியது, காகம் கரைந்தது.

ஒலிகளில் பாதி இருளப்பன் கொடுத்தவை. முப்பது வருஷம் வலை போட்டுப் பறவை பிடித்தவர் அவர். புதருக்குப் பின்னால் படுத்துக்கொண்டு பெட்டைக் கௌதாரியின் குரல் கொடுத்தால், சேவல் தானே நடந்து வந்து வலையில் விழும். ஒரு காலையில் கூண்டும் கையுமாக மடத்து வழியே போனவரை அம்மை நிறுத்தினார்.

"இந்தக் குரலை எனக்குச் சொல்லித் தருவீங்களா, அண்ணே?"

அதுவரை இருளப்பனிடம் யாரும் எதையும் சொல்லித்தரக் கேட்டதில்லை. கூண்டைத் திறந்துவிட்டு உள்ளே போனவர், ஏழு வருஷமாகிறது, மடத்தை விட்டுப் போகவில்லை. அம்மை அவருக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். தன் பெயரைத் தானே எழுதிப் பார்த்த அன்று அவர் அழுதது மடத்துப் பூனைக்குக்கூடத் தெரியும்.

இப்போது நிகண்டு முடியும் தறுவாய். மறுநாள் மதுரையிலிருந்து படியெடுக்க ஆட்கள் வருகிறார்கள். இருளப்பனுக்கோ மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. எழுத்துக் கற்றதால் வந்த வினை. ஏட்டுக் கட்டை முதலிலிருந்து கடைசிவரை அவரே படித்துப் பார்த்துவிட்டார்.

"தாயி, ஒண்ணு கேட்கணும்."

"கேளுங்க."

"நான் சொல்லி எழுதின ஓலையை எல்லாம் எடுத்துருங்க."

அம்மையின் எழுத்தாணி நின்றது.

"நாற்பத்தோரு ஓலை தாயி. அத்தனையும் நான் பொய் சொல்லிக் கொன்ன பறவைங்க. பெட்டை மாதிரி கூப்பிட்டேன், குஞ்சு மாதிரி கூப்பிட்டேன். நம்பி வந்துச்சுங்க. ஏமாத்தின வாய் சொன்னது ஏட்டுல இருக்கலாமா?"

அம்மை ஏட்டுக் கட்டின் முடிச்சை அவிழ்த்தார். கயிற்றை உருவினார். மொத்த ஓலையையும் அவர் முன்னால் நகர்த்தி வைத்தார்.

"உங்க ஓலையை நீங்களே பொறுக்கிக்குங்க."

இருளப்பன் பொறுக்கினார். கௌதாரி, காடை, மணிப்புறா, நாரை. பின்னால் வந்தவை அவர் கையெழுத்திலேயே இருந்தன. கோணல் மாணலாக, ஆனால் பிழையில்லாமல். நாற்பத்தொன்றும் ஒரு பக்கம் சேர்ந்தபோது மிச்சக் கட்டு நோயாளி போல் மெலிந்து கிடந்தது. அடியில் ஓர் ஓலை. அதில் தலைப்பைத் தவிர எதுவும் இல்லை: ஆள்காட்டி.

"அது ஒண்ணுதான் பாக்கி. அதை மட்டும் முடிச்சுக் கொடுத்துருங்க" என்றார் அம்மை.

"அது குரல் எனக்கு வராது தாயி."

"உங்களுக்கா வராது?"

"பிடிக்கிற பறவையோட குரலைத்தான் நாங்க கத்துக்கிடுவோம். இதை எவன் பிடிப்பான்? ஆளைக் கண்டாப் போதும், ஊரைக் கூட்டிரும். அதான் ஆள்காட்டின்னு பேரு."

"யார் வச்ச பேரு?"

"வலை போடுறவங்கதான்."

"காக்கா தன் பேரைத் தானே சொல்லிக்குது. கூகையும் அப்படித்தான். இது மட்டும் நீங்க வச்ச பேரைச் சுமந்துக்கிட்டுத் திரியுது."

"சுமக்கட்டும். அது எனக்குச் செஞ்ச காரியத்துக்கு அந்தப் பேரு பத்தாது."

காலையிலிருந்தே கண்மாய்ப் பக்கம் ஓர் ஆள்காட்டி விடாமல் குரல் கொடுத்துக்கொண்டிருந்தது. இருளப்பன் அந்தத் திசையை முறைத்தார்.

"என்ன செஞ்சுச்சு?"

இந்தக் கதையைக் கேட்காத ஆள் மடத்தில் கிடையாது. அம்மையே நாலைந்து தடவை கேட்டிருக்கிறார். ஆனாலும் முதல் தடவை கேட்பவர்போல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இருபது வருஷம் இருக்கும். கண்மாய் நிறைஞ்சு கிடந்துச்சு. கரைக்குக் கீழே பள்ளத்துல வலை விரிச்சிருந்தேன். விடியறதுக்கு முன்னாலேயே போய்ப் படுத்தாச்சு. நல்லா வெளுத்த பிறகு ஏழெட்டுக் கௌதாரி வந்து வலைக்கு ஒரு முழத்துல நிக்குது. அப்பப் பார்த்து இந்தச் சனியன் அலறுச்சு. எல்லாம் பறந்து போச்சு. எனக்கு வந்த கோபத்துல கல்லை எடுத்தேன். அது பறந்து பறந்து உட்காருது, நானும் விடாம விரட்டுறேன். பாறை மேடு வரைக்கும் இழுத்துக்கிட்டுப் போயிருச்சு. அதுக்குள்ள கண்மாய் உடைஞ்சு வெள்ளம் வந்து என் வலையைக் கொண்டு போயிருச்சு. புது வலை தாயி! ஆறு மாசம் உட்கார்ந்து முடிஞ்சது."

"ஆளைக் கண்டாக் கத்தும்னீங்களே. நீங்கதான் விடியறதுக்கு முன்னாலேயே படுத்துட்டீங்களே?"

"அசையாமக் கிடந்தா நம்மளை மறந்துரும்."

"மறந்திருந்துச்சா?"

"மறந்திருந்துச்சு."

"அப்ப எதைப் பார்த்துக் கத்துச்சு?"

இருளப்பன் கண்மாய்ப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"வெள்ளம் வந்தப்ப வலை எங்க இருந்துச்சு?"

"பள்ளத்துல."

"நீங்க?"

"மேட்டுல. கையில கல்லோட..."

இருபது வருஷமாக எத்தனையோ பேரிடம் சொன்ன கதை. அத்தனை தடவையும் வெள்ளத்தில் போனது வலை என்றுதான் சொல்லிவந்திருக்கிறார். வலைக்குப் பக்கத்தில் படுத்துக் கிடந்தவன் எப்படிப் பிழைத்தான் என்று கதை கேட்டவர்களும் கேட்கவில்லை, சொன்னவரும் யோசிக்கவில்லை.

அந்த வெள்ளத்துக்கு அடுத்த வருஷம்தான் அவருக்கு மகள் பிறந்தாள். அவள் முதல் முதலாக "அய்யா" என்று கூப்பிட்டது, அவள் கல்யாணத்தில் பந்தி பரிமாறியது, இந்த மடம், தன் பெயரை எழுதின அந்த நாள். எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. கண்ணீரை அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

"கல்லால அடிச்சேன் தாயி அதை."

"பட்டுச்சா?"

"படலை."

"நல்லவேளை."

இருளப்பன் அந்த வெற்று ஓலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இதுக்கு என்ன சொல்லு எழுதுறது?"

"கூவுறது, கரையுறது, அகவுறது. மூணுக்கும் முன்னே இருந்த பொருள் அழைக்கிறதுதான், அண்ணே. பழைய ஆளுங்க காதுல எந்தப் பறவையும் சும்மா சத்தம் போடலை. யாரையோ கூப்பிட்டுச்சு."

அம்மை, ஒதுக்கி வைத்த நாற்பத்தொன்றைக் காட்டினார்.

"இதுகளை என்ன செய்யட்டும்?"

இருளப்பன் கயிற்றை எடுத்தார். நாரையை முதலில் கோத்தார். பிறகு மணிப்புறாவை, காடையை.

"எங்கிட்ட இருக்க வேண்டாம் தாயி. அதுங்க குரல் ஏட்டுல அதுங்க பேருலயே இருக்கட்டும்."

கடைசி ஓலை ஏறும்வரை அம்மை கட்டைப் பிடித்துக்கொண்டார்.

கண்மாய்ப் பக்கத்திலிருந்து அந்தக் குரல் இன்னும் வந்துகொண்டிருந்தது. இருளப்பன் எழுத்தாணிக்குக் கை நீட்டினார்.

"எழுதிரட்டுமா?"

"அப்புறம் எழுதலாம். அங்க போய்ப் பதில் சொல்லிட்டு வாங்க. அது கூப்பிட்டு இருபது வருஷமாச்சே."

இருளப்பன் எழுந்தார். வாசல்வரை போய்த் திரும்பினார். கண்மாயைச் சுற்றியிருக்கும் மற்ற அத்தனை பறவையின் குரலையும் தொண்டையில் வைத்திருந்த மனுஷன், வெறும் கையோடு நின்றார்.

"அது குரல்தான் எனக்கு வராதே, தாயி."

"உங்க குரல்லயே சொல்லுங்க, அண்ணே."