காயைப் பிடித்த விரல்கள்

மேகம் கதவைத் தட்டாமல் உள்ளே வந்து, அடுப்படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகும் மலை அது. அதன் உச்சியில் ஒரு தியான இல்லம். அங்கே யாரையும் கண்ணை மூடி உட்காரச் சொல்வதில்லை. சமைக்கச் சொல்வார்கள்.

சொல்கிறவர் பெயர் அமலோற்பவம். ஜப்பானில் ஒரு கோயில் மடைப்பள்ளியில் பல வருஷம் காய் நறுக்கிவிட்டு ஊர் திரும்பியவர். நாற்பத்தைந்து வயது இருக்கலாம். அதிகம் பேச மாட்டார்.

அவரைத் தேடி வந்த தில்லைநாயகம் அவரைவிட இருபது வயது மூத்தவர். ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். வெந்நீர்கூட வைக்கத் தெரியாமல் ஒரு ஆண்பிள்ளை இத்தனை வயது வரை காலம் தள்ளிவிட முடியுமா என்று கேட்காதீர்கள். உங்கள் தெருவிலேயே நாலு பேர் இருப்பார்கள்.

போன வருஷம் அவர் மனைவி கோமளவல்லிக்குப் பக்கவாதம் வந்தது. பிழைத்துக்கொண்டார். நடை திரும்பியது, பேச்சு திரும்பியது. வலது கை மட்டும் திரும்பவில்லை. அன்றிலிருந்து தில்லைநாயகம்தான் சமையல். கோமளவல்லி அடுப்படி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கணவர் நறுக்குவதையே பார்த்துக்கொண்டிருப்பார். தட்டில் போட்டுக் கொடுத்தால் இரண்டு வாய் சாப்பிடுவார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே போனார். தில்லைநாயகத்துக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அவருக்கென்று இந்த உலகத்தில் இருந்தது அந்த ஒரு ஆள்தான்.

மனைவியை மச்சினி பொறுப்பில் விட்டுவிட்டு மலை ஏறினார். வந்து பையைக் கீழே வைப்பதற்குள் கேட்டார்.

"அம்மா, வீட்டுச் சமையலுக்கு ஜப்பான் கத்தி ஒண்ணு வாங்கணும். ரொம்ப விலை இருக்கக் கூடாது. எதை வாங்கலாம்?"

"எதுக்கு?"

"என் வெட்டு சரியில்ல. ஒரு துண்டு பெருசு, ஒரு துண்டு சிறுசு. கூட்டு வெந்தும் வேகாமலும் கிடக்குது. அதான் என் பொண்டாட்டி சாப்பிட மாட்டேங்குறா. வலது கை விழுந்ததுலேருந்து அடுப்படி வாசல்ல நாற்காலி போட்டு நான் நறுக்குறதையே பார்த்துக்கிட்டிருக்கா."

"அவங்க அப்படிச் சொன்னாங்களா?"

"சொல்லணுமா என்ன? மூஞ்சியைப் பார்த்தாத் தெரியாதா?"

அமலோற்பவம் ஒரு முள்ளங்கியையும் ஒரு கத்தியையும் பலகைமேல் வைத்தார்.

தில்லைநாயகம் கத்தியைப் பலகையில் செங்குத்தாக நிறுத்தினார். ஒரு கையால் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மறு கையால் முள்ளங்கியை எடுத்துக் கத்திமேல் தள்ளினார்.

அமலோற்பவத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதை யார் உங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்க?"

"யாரும் சொல்லல. கோமளம் அரிவாமணையில இப்படித்தான் அரிவா. கத்தி அது பாட்டுக்கு நிக்கும். காய்தான் போகும். கல்யாணம் ஆன நாள்லேருந்து பார்க்குறேன்."

"அரிவாமணைக்கு எத்தனை கை வேணும்?"

"ரெண்டு."

பதில் சொன்னாரே தவிர, தான் சொன்னதைத் தானே காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

அமலோற்பவம் அவர் கையில் இருந்த கத்தியைப் படுக்கவைத்துக் கொடுத்தார். "இங்க காய் நிக்கும். கத்தி போகும்."

அதற்குப் பிறகு நாட்கள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. காலை எது, மதியம் எது என்று மேகம் சொல்லவிடவில்லை. ஜன்னலுக்கு வெளியே மரங்கள் இருக்கும், இல்லாமல் போகும், மறுபடியும் இருக்கும். டக், டக் என்று பலகைச் சத்தம் மட்டும் தொடர்ந்து கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டே நறுக்கினால், நறுக்குவது தானா வேறு யாராவதா என்று தில்லைநாயகத்துக்குச் சந்தேகம் வந்துவிடும்.

சுவரில் இரண்டு கத்திகள் தொங்கின.

ஒன்று கோயிலில் இருந்து கொண்டுவந்தது. ஒரு பக்கம் கண்ணாடி போல வழவழப்பு, மறு பக்கம் மட்டும் சாணை. அதைக்கொண்டு முள்ளங்கியைச் சீவினால், சீவியதைத் தூக்கிப் பிடித்து அந்தப் பக்கம் நகரும் மேகத்தைப் பார்க்கலாம். விலையைக் கேட்டால் தலை சுற்றும்.

இன்னொன்று சாதாரண சாந்தோக்கு, ஜப்பான் வீடுகளில் புழங்குவது. காய், மீன், கறி எல்லாவற்றுக்கும் ஒரே கத்தி. அடிவாரத்துப் பாத்திரக் கடையில் கரண்டியோடு கரண்டியாகத் தொங்குவது.

தில்லைநாயகம் முதல் கத்திமேல் ஆசை வைத்துவிட்டார். வலது கையில் அதை எடுத்தால் கீழே வைக்க மனசே வராது.

ஒரு நாள் சாப்பிட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்தவர் அப்படியே கண்ணயர்ந்தார். கனவில் மேகம் அவர் வீட்டுக்கே வந்திருந்தது. அதற்கு நடுவில் கோமளவல்லி அரிவாள்மணைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். இடது கையால் ஒரு கத்தரிக்காயை எடுத்துக் கத்தியில் வைத்தார். அது நழுவி உருண்டு மேகத்துக்குள் போனது. இன்னொன்றை எடுத்தார். அதுவும் போனது. நிமிர்ந்து கணவரைப் பார்த்தார்.

"இரு, இரு, நல்ல கத்தியாப் பார்த்து வாங்கிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு தில்லைநாயகம் ஓடினார். ஓடிக்கொண்டே இருந்தார்.

விழித்தபோது கண் ஈரமாக இருந்தது. மேகந்தான் என்று துடைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை பஸ். புறப்படுவதற்கு முன் அமலோற்பவத்திடம் போனார்.

"அம்மா, விலை கூடப் போனாலும் போகட்டும். எனக்கு இந்தக் கோயில் கத்தி மாதிரிதான் வேணும். எங்க கிடைக்கும்?"

அமலோற்பவம் அதை எடுத்து அவரிடம் நீட்டினார். அவர் வலது கையை நீட்டியதும் கத்தியைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"அந்தக் கை இல்ல. இடது."

"எனக்கு வராதும்மா."

"வலது கையை முதுகுக்குப் பின்னாடி வச்சுக்குங்க."

பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டார். இடது கையால் கத்தியை முள்ளங்கிமேல் வைத்து அழுத்தினார். முள்ளங்கி உருண்டது. இழுத்துவந்து மறுபடி வைத்தார். மறுபடி உருண்டது. எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது அவருக்கு.

"யாராவது பிடிச்சாத்தான் ஆகும்மா."

அமலோற்பவம் எதிரே உட்கார்ந்து, முள்ளங்கியைத் தன் விரல்களால் பிடித்துக்கொண்டார்.

தில்லைநாயகம் நறுக்கினார். கத்தி நேராக இறங்காமல் கோணலாக இழுத்துக்கொண்டு போனது. துண்டு ஆப்பு மாதிரி விழுந்தது.

"இது ஏன் இப்படிப் போகுது?"

"அது வலது கைக்குத் தீட்டின கத்தி. ஒரு பக்கந்தான் சாணை."

அதை வாங்கி வைத்துவிட்டு, பாத்திரக் கடைக் கத்தியைக் கொடுத்தார். "இது ரெண்டு பக்கமும் தீட்டினது. எந்தக் கைன்னு கேக்காது."

தில்லைநாயகம் கத்தியை வைத்தார். மெல்ல, மிக மெல்ல அழுத்தினார். நேராக இறங்கியது. ஒரு துண்டு. கத்தியை நகர்த்தி இன்னொரு துண்டு. மேகம் பலகைவரை வந்து நின்றது. அதற்குள் முள்ளங்கியும் நாலு விரல்களும் மட்டும் தெரிந்தன.

"ஏன் மூச்சை நிறுத்திட்டீங்க?"

"உங்க விரல் இருக்கே அம்மா."

முள்ளங்கி தீர்ந்தது. ஒரு துண்டு பெரிது, ஒரு துண்டு சிறிது. அமலோற்பவம் பெரிய துண்டாகப் பார்த்து எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். நிதானமாக மென்றார்.

"அந்த நாற்காலியில உட்கார்ந்து அவங்க எதைப் பார்ப்பாங்க? துண்டையா?"

தில்லைநாயகம் நினைத்துப் பார்த்தார். வாசலில் நாற்காலி. அதில் கோமளம். அந்தக் கண்கள் ஒருநாளும் தட்டுக்குப் போனதில்லை. அவர் கையில் இருந்த கத்தியையே பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு வருஷம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தன. அவர் ஒவ்வொரு நாளும், "நீ பேசாம உட்காரு, நான் இருக்கேன்" என்று ஆசையாகச் சொல்லியிருக்கிறார்.

அடக்க முடியாமல் அழுதார். அமலோற்பவம் அவரைத் தேற்றவில்லை. பலகையைக் கழுவி நிமிர்த்திவைத்தார்.

அழுது முடித்துத் தோள் துண்டால் முகத்தைத் துடைத்தவர், சாந்தோக்கு கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதையே வாங்கிட்டுப் போறேன். ஆனா ஒண்ணும்மா."

"சொல்லுங்க."

"அவ இடது கை இன்னைக்கு வரைக்கும் கத்தியைத் தொட்டதில்ல. அவ நறுக்க, காயைப் பிடிக்கப் போறவன் நான். என் விரல்ல பட்டுடுச்சுன்னா?"

அமலோற்பவம் தன் விரல்களை அவர் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினார். முள்ளங்கி ஈரம் இன்னும் காயவில்லை. ஒரு கீறல் இல்லை.

"உங்க இடது கை மட்டும் இதுக்கு முன்னாடி கத்தியைத் தொட்டிருந்துச்சா?"