சேவல் பெயர் சூட்டிய முட்டை

சகாரா பாலைவனத்தில் ஒரு தாவெலி வசித்தது. நீண்ட பின்னங்கால்களால் தாவித் தாவி ஓடும் மணல் எலி அது. பகலெல்லாம் வளைக்குள் குட்டிகளோடு தூங்கும். இருட்டிய பிறகே வெளியே வரும். தண்ணீர் குடிக்காது, புல்வேரைக் கடித்து, அதிலுள்ள ஈரத்தைக் கொண்டே பிழைக்கும்.

ஒரு நாள் பிரான்ஸ் நாட்டுச் சேவல் ஒன்று கடல் தாண்டி அங்கே வந்தது. பெரிய இரும்பு முட்டை ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தது. சேவல் எப்படி முட்டையிடும் என்று கேட்கக் கூடாது. இது இட்ட முட்டை அல்ல, செய்த முட்டை. உலகத்துப் பெரிய பறவைகள் சிலவற்றிடம் அப்படி ஒன்று இருந்தது. தன்னிடமும் இருக்க வேண்டும் என்று சேவலுக்கு ஆசை. இனி அதை வெடித்துப் பார்க்க ஓர் இடம் வேண்டும்.

உச்சி வெயிலில் சேவல் நாலாபுறமும் பார்த்தது. ஓர் உயிரும் கண்ணில் படவில்லை. பாலைவனத்தில் அந்த நேரத்தில் யார் வெளியே வருவார்கள்? பொழுது சாய்ந்ததும் எல்லோரும் வந்தார்கள். அதற்குள் சேவல் தூங்கிவிட்டது.

"இங்கே யாருமே இல்லை! இங்கேயே வெடிக்கலாம்!" என்று மறுநாள் கூவியது.

தாவெலிக்குப் பகீரென்றது. சுடுமணலில் துள்ளிக்கொண்டு ஓடிவந்தது.

"ஐயா, நான் இருக்கிறேன்! என் குட்டிகள் இருக்கின்றன! இதை உங்கள் ஊரிலேயே வெடிக்கக் கூடாதா?"

"எங்கள் ஊரிலா? அங்கே திராட்சைத் தோட்டங்கள் இருக்கின்றனவே, அம்மணி!"

சேவல் தலையைச் சாய்த்துப் பார்த்தது.

"ஆகா, என்ன அழகாகத் தாவுகிறாய்! முட்டைக்கு, என் கொடியின் நிறத்தையும் சேர்த்து, 'நீலத் தாவெலி' என்று உன் பெயரையே வைக்கிறேன். உலகமே உன் பெயரைச் சொல்லும்!"

தாவெலிக்கு உச்சி குளிர்ந்தது. வந்த காரியம் மறந்து போயிற்று.

பக்கத்து மணல்மேட்டில் ஒரு விசிறிக்காது நரி இருந்தது. பசியில்லாத நேரங்களில் அது தாவெலிக்குத் தோழி.

"அடி அசடே! பெயர் வைத்தால் வெடிக்காதா? குட்டிகளைக் கவ்விக்கொண்டு என்னோடு கிழக்கே வா!"

"உனக்குப் பொறாமை, அக்கா! 'நீல நரி' என்று வைத்திருந்தால் இப்படிப் பேசுவாயா?"

நரி தனியே போயிற்று.

விடிந்ததும் முட்டை வெடித்தது. சூரியனுக்குப் போட்டியாக இன்னொரு சூரியன் எழுந்தது. மணல் உருகிக் கண்ணாடியாயிற்று. வெகுதூரத்தில், முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த சேவல், "வாழ்க நீலத் தாவெலி!" என்று கொக்கரித்தது.

வளை ஆழமாக இருந்ததால் குட்டிகள் தப்பின. தாவெலி மார்தட்டிக்கொண்டது. பிறகு 'வெள்ளைத் தாவெலி' என்ற முட்டை வெடித்தது. 'சிவப்புத் தாவெலி'யும் வெடித்தது. வெடித்த முட்டைகளின் நச்சுச் சாம்பல் புல்வேரில் இறங்கி, ஈரத்தோடு குட்டிகளின் வயிற்றுக்குள் போயிற்று. அவற்றின் ரோமம் உதிர்ந்தது. கால்கள் துவண்டன.

காற்று சாம்பலை ஊரெல்லாம் தூற்றியதால் நாலாபுறமும் கூச்சல் கிளம்பியது. சேவல் அடுத்த முட்டையை ஒரு மலைக்குள் புதைத்தது. மலை பிளந்து கரும்புகை கக்கியது. வேடிக்கை பார்க்க வந்த சேவலே இறகு பறக்க ஓடிற்று. கொஞ்ச காலத்தில், தென்கடல் தீவு ஒன்றுக்குப் போக மூட்டை கட்டியது.

"ஐயா, போவதானால் இந்தச் சாம்பலையும் வாரிக்கொண்டு போங்கள்! என் குட்டிகளால் எழுந்து நிற்க முடியவில்லை!"

"நல்ல கதை! பெயர் உன்னுடையது, சாம்பல் மட்டும் என்னுடையதா?"

சேவல் போய்விட்டது.

தாவெலி குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக் கிழக்கே கொண்டு சென்றது. கடைசிக் குட்டி வழியிலேயே சில்லிட்டுப் போயிற்று. தாவெலி அதைக் கீழே வைக்காமல் நரியின் வளைவரை சுமந்து வந்தது. நரி நகர்ந்து இடம் கொடுத்தது.

தன் வீட்டில் செய்யத் துணியாததை நம் வீட்டில் செய்ய வருபவரின் புகழ்ச்சிக்கு மயங்கினால், புகழ் காற்றோடு போகும், சாம்பலே நமக்கு மிஞ்சும்.