அல்லி பார்த்த மாப்பிள்ளை

மலைக்காட்டில் அல்லி என்று ஒரு இருவாச்சிப் பறவை இருந்தாள். ஜோடி சேரும் வயசு. அவள் எதிர்பார்ப்புகளைக் கேட்டால் உங்களுக்கே தலை சுற்றும்.

"மூக்கு பளபளன்னு மஞ்சளா இருக்கணும்! சிறகடிச்சா அடுத்த மலைக்குக் கேக்கணும்! கூட்டமே திரும்பிப் பாக்கணும்!" என்றாள்.

"நம்ம கூத்தன் இருக்கானே?" என்றது பக்கத்துக் கிளை மலை அணில்.

கூத்தனும் அல்லியும் ஒரே மரத்தில் பறக்கப் பழகியவர்கள். மழைக்காலம் முழுக்க ஒரே கிளையில் ஒட்டி உட்கார்ந்திருப்பார்கள். அவள் வழி தவறிப் போனால், இருட்டுவதற்குள் அவன் தேடி வந்துவிடுவான்.

"அந்த மூக்கு உடைஞ்சவனா? போயும் போயும் அவனா!"

கூத்தன் மேல்கிளையில்தான் இருந்தான். அதைக் கேட்டதும் ஆற்றுப் பக்கமாகப் பறந்து போனான்.

இருவாச்சிகளின் வழக்கம் தெரியுமல்லவா? முட்டையிடும் காலத்தில் பெண் மரப்பொந்துக்குள் போய் வாசலைப் பூசி அடைத்துக்கொள்வாள். அலகு நுழைய ஒரு இடுக்கு மட்டும் இருக்கும். மூன்று மாதம் ஆண்தான் இரை கொண்டுவந்து ஊட்ட வேண்டும். அவன் வராவிட்டால் பட்டினிதான்.

அடுத்த மலையிலிருந்து அல்லிக்கு ஒரு அழகன் கிடைத்தான். அவள் கேட்டதெல்லாம் அவனிடம் இருந்தது. ஆசை ஆசையாகப் பொந்துக்குள் போய் அடைத்துக்கொண்டாள்.

முதல் நாள் காலையிலேயே வந்தான். இரண்டாம் நாள் சாயங்காலம் வந்தான். அப்புறம் வரவே இல்லை.

கோடை மழை பிடித்துக்கொண்டது. பசியைவிடப் பழைய நினைவுதான் அவளை வாட்டியது. நனைந்த கிளை, பக்கத்தில் ஒட்டியிருந்த உடம்பின் சூடு, "நீ தூங்கு, நான் முழிச்சிருக்கேன்" என்ற கரகரத்த குரல். எவ்வளவு நல்ல நாட்கள் அவை! அல்லி வாய்விட்டு அழுதாள்.

ஆறாம் நாள் சுவரைக் கொத்தி உடைத்துத் தள்ளாடி வெளியே வந்தாள்.

"அணிலே! கூத்தன் எங்கே?"

"ஆத்தோரம் போய்ப் பாரு, தாயி," என்றது அணில், அவள் முகத்தைப் பார்க்காமல்.

ஆற்றோர மரத்தில் ஒரு பொந்து. வாசல் அடைத்திருந்தது. இடுக்கில் வேறொரு அலகு நீண்டிருந்தது. கூத்தன் தொப்பலாக நனைந்தபடி அத்திப்பழங்களை ஊட்டிக்கொண்டிருந்தான்.

"கூத்தா!"

அவன் திரும்பினான். வாயில் பழம் இருந்ததால் பேச முடியவில்லை. அன்பாகத் தலையை அசைத்துவிட்டு, அந்தப் பழத்தையும் உள்ளே கொடுத்தான்.

கண்ணுக்குப் பிடித்தவரைத் தேடுவதில் தப்பில்லை, ஆனால் நாம் முடங்கிக் கிடக்கும் நாளில் நம்மைத் தேடி வருவாரா என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.